மலையின் இரு பக்கம்: பொள்ளாச்சியிலிருந்து வாழச்சால் வரை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் புறப்படும் பேருந்து முதல் அரை மணி நேரம் தென்னந்தோப்புகளுக்கு நடுவேதான் ஓடுகிறது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழைகூடக் கிடைக்காத ஊர் இது. இருந்தும் வாய்க்காலில் தண்ணீர் போகிறது, தோப்புகள் பச்சையாக நிற்கின்றன, லாரி லாரியாக இளநீர் வெளியூர்களுக்கு ஏறுகிறது. அது மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். ஆனைமலையின் மழைக்காடுகளில் பெய்து மேற்கே அரபிக் கடலுக்குப் போகவேண்டிய மழையை நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் என்று வரிசையாக அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். 1961-ல் நேரு தொடங்கிவைத்த பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மூன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது.

அந்த மழை பெய்யும் காட்டில் யார் இருந்தார்கள்? தண்ணீர் திரும்பியபோதும், அதற்கு முன் மரங்கள் விழுந்தபோதும் அவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விகளோடு பயணம் செய்ய ஏற்ற சாலை இது. பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால், சாலக்குடி என்று மலையைக் குறுக்கே கடக்கும் இந்தச் சாலை, காடர் என்னும் பழங்குடி மக்களின் நிலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டிக்கொண்டு போகிறது. சாலை வருவதற்கும், அதன் நடுவே மாநில எல்லை விழுவதற்கும் வெகுகாலம் முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளில் முள்மரங்களும் காய்ந்த புல்லும் பாறையும்தான். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் இந்தச் சரிவு வறண்டு கிடக்கிறது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை வரும். பாறை விளிம்பில் வரையாடுகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். அட்டகட்டியை நெருங்கும்போது காற்று மாறுகிறது. மரங்கள் உயர்கின்றன, அடிமரங்களில் பாசி ஏறியிருக்கிறது, சாலையில் வெயில் விழுவது குறைகிறது. ஒரே பேருந்துப் பயணத்தில் முள்காட்டிலிருந்து மழைக்காட்டுக்கு ஏறிவிடலாம். இந்தியாவில் இப்படி வாய்க்கும் இடங்கள் அதிகம் இல்லை.

ஆனால் மழைக்காடு நிலைப்பதில்லை. அட்டகட்டிக்கு மேலே, வாட்டர்பால் எஸ்டேட்டில் தொடங்கி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. இடுப்பளவுக்குக் கவாத்து செய்த செடிகள் குன்றுக்குக் குன்று பச்சையாகப் படர்ந்திருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது பெரும்பாலும் இங்கேதான். இயற்கையின் அழகு என்று அவர்கள் படம் பிடிக்கும் அந்தப் பச்சை, ஒரு காடு அழிந்த இடத்தில் நிற்கிறது.

வால்பாறைப் பீடபூமியின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-கள் வரை அதில் பெரும்பகுதி மழைக்காடு. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் காடு காப்பித் தோட்டமாகி, காப்பி பெரும்பாலும் தேயிலைக்கு வழிவிட்டது. கவர்க்கல் அருகே சாலையோரம் கார்வர் மார்ஷ் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் சிலை, தேயிலையைப் பார்த்தபடி நிற்கிறது. இந்தத் தோட்டங்களை உருவாக்கிய முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இந்த மலையில் தடம் காட்டிக் கூட்டிப்போனவர்கள் காடர்கள். அவர்களுக்கு எங்கும் சிலை இல்லை.

காட்டை வெட்டவும் தேயிலை நடவும் திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். குளிரிலும் மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் செத்தவர்கள் ஏராளம். இந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதைப் படித்தவர்களுக்கு இங்குள்ள தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வெறும் கட்டடங்களாகத் தெரியாது. அந்தக் கதை தமிழ்நாட்டுக்கு ஓரளவு தெரியும். அதே நேரத்தில் தங்கள் காடு கண்ணெதிரே விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களின் கதைதான் அந்த அளவுக்குத் தெரியாது.

காடர்கள் உழுது பயிரிட்டவர்கள் அல்ல. நூரை, கவலை போன்ற காட்டுக் கிழங்குகளும் தேனும் மீனும் சிறு வேட்டையும்தான் அவர்களின் உணவு. மூங்கிலாலும் கொடியாலும் ஏணி கட்டி, இரவில், பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டே மலைத்தேன் எடுப்பார்கள். கருங்குங்கிலிய மரத்திலிருந்து குங்கிலியம், காட்டு ஏலக்காய், மெழுகு ஆகியவற்றைக் கீழ்நாட்டுக்குக் கொடுத்து அரிசியும் துணியும் வாங்குவார்கள். இப்படி வாழ்வதற்குப் பரந்த நிலம் வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு மலை, அடுத்த பருவத்தில் ஒரு பள்ளத்தாக்கு. கிழங்கு தோண்டிய இடத்தில் தண்டையும் கிழங்கின் தலைப்பகுதியையும் மண்ணில் விட்டுவிட்டு நகர்ந்தால் அது மறுபடி விளையும். திரும்பி வருவதற்குள் காடு தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

அந்த நடமாட்டம்தான் முதலில் முறிந்தது. 1840-களின் இறுதியிலேயே கேப்டன் ஜேம்ஸ் மைக்கேல் தலைமையில் ஆனைமலைத் தேக்கை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பம்பாய்க் கப்பல் தளத்துக்கும் பின்னர் ரயில் பாதைகளுக்கும் மரம் போயிற்று. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் நழுவவிட்ட இடம்தான் இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் யானை பார்க்கப் போகும் டாப்சிலிப். 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக்காடு என்று கோடு போட்டதும், அதற்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அரசின் அனுமதியில் தங்கியிருப்பவர்களாக ஆனார்கள். மலையின் மேற்குப் பக்கத்தில் கொச்சி சமஸ்தானம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரம்பிக்குளத்துக்கும் சாலக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு டிராம் பாதை போட்டது. அதில் ஏறி இறங்கியது மரம், மரம், மரம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையை வழிநடத்திய ஆஸ்திரிய அறிஞர் எஹ்ரன்ஃபெல்ஸ், கொச்சிக் காடர்களைப் பற்றி 1952-ல் ஒரு நூல் வெளியிட்டார். காடர்களை அறிய விரும்பும் எவரும் இன்றும் முதலில் போய் நிற்கும் நூல் அது. டிராம் பாதை போட்டுக் காடு வெட்டப்பட்ட காலத்தின் மக்களைத்தான் அவர் சந்தித்தார் என்பதை மனத்தில் வைத்தே அதைப் படிக்கவேண்டும்.

அய்யர்பாடியையும் ரொட்டிக்கடையையும் தாண்டி, வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் வருகிறது. சாலைக்கு இருபுறமும் திடீரென்று காடு. இது நூறு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு துண்டு. பேருந்தின் வேகம் குறைந்தால் சாலையோரச் சுவரில் சோலைமந்திகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் சிங்கத்துக்கு இருப்பதைப் போன்ற வால்குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு இது. மொத்தமே நாலாயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. மரத்தைவிட்டு அரிதாகவே இறங்கும் இயல்புடையது, இங்கே சாலையில் நடக்கவும் கூரையில் ஏறவும் பழகிவிட்டது. வண்டியில் அடிபட்டுச் சாகவும் செய்கிறது. அதைத் தடுக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டைகளால் பின்னிய பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். தேயிலைக் கடலுக்கு நடுவே தப்பி நிற்கும் இப்படிப்பட்ட துண்டுகள் பீடபூமியில் நாற்பதை ஒட்டி இருக்கின்றன.

துண்டான மழைக்காட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. முழுக் காட்டுக்குள் வெயில் தரைக்கு வருவது அபூர்வம். நாங்கு, பாலி, வெடிப்பலா போன்ற மரங்கள் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் கைகோத்துக் கூரை போட்டிருக்கும். கீழே ஈரமும் இருட்டும். உதிர்ந்த இலை சில மாதங்களில் மக்கி, பூஞ்சை வழியாக மறுபடி வேருக்குள் போய்விடும். இந்தக் காட்டின் வளம் பெரும்பாலும் உயிருள்ள மரத்திலும் மேல்மட்ட இலைமக்கிலும்தான் இருக்கிறது, ஆழமான மண்ணில் அல்ல. மரத்தை எடுத்துவிட்டால் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை அந்த மெல்லிய செழிப்பைச் சில பருவங்களில் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சிய துண்டின் ஓரங்களில் காற்றும் வெயிலும் உள்ளே புகுகின்றன. ஈரம் குறைகிறது, பெரிய மரங்கள் சாய்கின்றன, அந்த இடைவெளியில் உண்ணிச்செடி ஏறுகிறது. வெளியே இருந்து பார்த்தால் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு காடு மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்.

மரம் மட்டும் நின்றால் காடு பிழைக்காது. வெடிப்பலாவுக்குக் குரங்கு வேண்டும், வௌவால் வேண்டும். பெரிய விதை கொண்ட மரங்களுக்கு இருவாச்சி வேண்டும். இருவாச்சிக்குக் கூடு வைக்கப் பொந்துள்ள முதுமரம் வேண்டும். பெட்டை பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய பிளவு வழியாகப் பல வாரங்கள் ஆண் பறவை அத்திப்பழமும் பிற கனிகளும் கொண்டுவந்து ஊட்டும். அந்த மரம் வெட்டப்பட்டால் குடும்பம் முழுவதும் போய்விடும். இருவாச்சி போனால், அது தூக்கிப்போய்ப் போடவேண்டிய விதை தாய்மரத்தின் அடியிலேயே அழுகும்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோரின் குழு 2000-ஐ ஒட்டி இங்கே ஒரு பொறுமையான வேலையைத் தொடங்கியது. தோட்ட நிறுவனங்களோடு பேசி, சிதைந்த துண்டுகளைக் காப்பாற்ற ஒப்புக்கொள்ள வைத்து, களைகளை அகற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு மர இனங்களின் நாற்றுகளைச் சொந்த நாற்றங்காலில் வளர்த்து நட்டுவருகிறது. மரம் நடுவிழா என்றால் வேம்பும் புங்கனும் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு நேர்மாறான வேலை இது. எந்த மரம் எந்த உயரத்தில், எந்த ஈரத்தில், எதன் நிழலில் வளரும் என்று காட்டிடமே கேட்டுச் செய்யவேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த இடங்களில் பறவைகளும் நிழலும் திரும்பிவருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய காடு அப்படியே திரும்பிவிடவில்லை. அதற்கு ஒரு மனித ஆயுள் போதாது.

யானைகளின் கதையும் இங்கே பிரிக்கமுடியாதது. தேயிலை வந்த பிறகும் யானைகள் தங்கள் பழைய வழித்தடத்தை மறக்கவில்லை. பகலில் ஆற்றோரக் காட்டுத் துண்டுகளில் நின்றுவிட்டு, இருட்டியதும் தோட்டத்தைக் கடக்கும். வேலை முடிந்து கடைவீதியிலிருந்து லைன் வீட்டுக்கு நடந்துபோகிறவர்கள் எதிரே யானை வருவது தெரியாமல் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். ஆனந்தகுமார் என்ற ஆய்வாளர், யானை நிற்கும் இடத்தைச் செல்பேசிக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார். யானை அருகில் இருந்தால் முச்சந்திக் கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும். அதற்காக 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. இப்போது அந்த லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டன. ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களில் பலர் ஆதிவாசிகள். ஒரு காட்டைவிட்டு வெளியேற நேர்ந்த மக்கள், இன்னொரு காட்டை அழித்து எழுப்பிய தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள்.

வால்பாறைக் கடைவீதியில் நின்று விசாரித்தால் காடர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் பேர் இல்லை. அவர்களின் ஊர்கள் தோட்டங்களுக்கு அப்பால், புலிகள் காப்பகத்துக்குள், நெடுங்குன்று, கல்லார்குடி, உடுமன்பாறை என்று சிதறிக் கிடக்கின்றன. ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. 1976-ல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பிறகு அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா. 2007-ல் புலிகள் காப்பகம். காப்பகத்தின் மையப் பகுதி மட்டும் 958 சதுர கிலோமீட்டர். புலிக்கும் யானைக்கும் இந்தப் பாதுகாப்பு தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மரத்தை வெட்டியவர்களும் அணை கட்டியவர்களும் போய்விட்ட பிறகு, மிச்சமிருந்த காட்டைக் காக்கும் சட்டங்களின் முழு எடையும் எதையும் வெட்டாதவர்கள் தலையில் இறங்கியது. எங்கே கிழங்கு தோண்டலாம், எங்கே நடக்கலாம், வீட்டுக்குக் கூரை மாற்றலாமா என்பதற்கெல்லாம் அனுமதி கேட்கவேண்டிய நிலை வந்தது. காட்டை அணுஅணுவாக அறிந்தவர்களில் பலர் இப்போது அதே காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகத் தற்காலிகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்.

இந்த வரலாறு எவ்வளவு கூர்மையானது என்பதைக் கல்லார்குடி காட்டியது. 2019 ஆகஸ்டில் கொட்டிய மழையில் அங்கே நிலம் சரிந்து வீடுகள் போயின. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அருகிலிருந்த தெப்பக்குளமேட்டுக்கு நகர்ந்து குடிசை போட்டன. காப்பகத்துக்குள் புதிதாகக் குடியேற முடியாது என்று சொல்லி அவர்களை ஓர் எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளுக்கு அனுப்பினார்கள். காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து ஓட்டுவீட்டில், யாரோ கைவிட்டுப்போன அறைகளில் முடங்கினார்கள். தெப்பக்குளமேடு தங்கள் பாரம்பரிய நிலம், வன உரிமைச் சட்டப்படி அது தங்களுக்கே சேரும் என்று அவர்கள் வாதாடினார்கள். கிராம சபை கூட்டினார்கள், மனு கொடுத்தார்கள், போராட்டம் நடத்தினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குப் பிறகு தெப்பக்குளமேட்டில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. ஒரு மலை முழுவதும் நடமாடிய மக்கள், அதே மலையில் வீடு கட்டச் சில சென்ட் நிலத்துக்காக இவ்வளவு தூரம் அலையவேண்டியிருந்தது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளின் இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

வால்பாறையிலிருந்து உருளிக்கல் வழியாகச் சாலை மேற்கே இறங்குகிறது. இடதும் வலதுமாகத் தேயிலை, நடுநடுவே சோலையாறு நீர்த்தேக்கத்தின் பழுப்பு நீர்விளிம்பு. 105 மீட்டர் உயரமுள்ள இந்த அணைக்குக் கீழே, எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சோலையாறு அணை இருக்கிறது. அதற்கும் கீழே 1957-ல் கட்டிய பொரிங்கல்குத்து. ஒரே ஆற்றின் உடம்பில் இத்தனை கட்டுகள். ஒவ்வொரு நீர்த்தேக்கத்துக்கு அடியிலும் பள்ளத்தாக்கின் தாழ்ந்த, செழிப்பான காடு மூழ்கியிருக்கிறது. காடர்கள் மீன் பிடித்ததும் குடிசை போட்டதும் அந்த ஆற்றோரங்களில்தான். டிராமுக்காக ஒருமுறை, அணைக்காக ஒருமுறை, சாலைக்காக ஒருமுறை என்று இடம் மாறிய குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

மளுக்கப்பாறையில் மாநில எல்லை. சோதனைச் சாவடியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறார்கள். இருட்டிய பிறகு வண்டிகளை உள்ளே விடுவதில்லை, யானைகளின் நேரம் அது. இங்கிருந்து வாழச்சால் வரை ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய சாலையில் பெரும்பாலும் கடை இல்லை, தோட்டம் இல்லை. மேலே பார்த்த துண்டுகள் ஒரு காலத்தில் எதன் பகுதியாக இருந்தன என்பது இந்தச் சாலையில்தான் விளங்குகிறது. பலகை வேர்கள் சாலை வரை நீண்டுகிடக்கின்றன. மலை அணில் கிளையிலிருந்து கிளைக்குப் பாய்கிறது. இருவாச்சி பறக்கும்போது சிறகடிக்கும் ஓசை, பறவை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. இந்த வாழச்சால் காடுகளில் நான்கு வகை இருவாச்சிகள் வாழ்கின்றன.

எல்லையைக் கடந்ததும் காடர்களுக்கு அரசாங்கப் பட்டியலில் இடம்கூட மாறிவிடுகிறது. கேரளத்தில் அவர்கள் மிகவும் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிக் குழு. தனித் திட்டங்களும் நிதியும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காடர் இல்லை. மக்கள் ஒன்று, மலை ஒன்று, பேச்சு ஒன்று, உறவுக்காரர்கள் இரு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். இரு மாநிலங்களிலும் சேர்த்துச் சில ஆயிரம் பேரே உள்ள ஒரு சமூகத்தைக் கோடு ஒன்று இப்படிப் பிரிப்பதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

கேரளப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2018-ம் ஆண்டுப் பெருமழையில் ஆனைக்கயம் காடர் ஊரும் நிலச்சரிவுக்கு அஞ்சி இடம்பெயரவேண்டியதாயிற்று. அதற்கெல்லாம் முன்பே அதிரப்பிள்ளி நீர்மின் திட்டம் பல ஆண்டுகள் இவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. 163 மெகாவாட் மின்சாரத்துக்காக வாழச்சாலில் ஆற்றின் குறுக்கே இன்னொரு அணை. ஏறத்தாழ 140 ஹெக்டேர் காடு அதற்குப் போயிருக்கும். அதில் ஆற்றோர மழைக்காடும் அடக்கம். இவ்வளவு தாழ்ந்த உயரத்தில் அப்படிப்பட்ட காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மிச்சமிருப்பது மிகக் குறைவு. சுற்றுச்சூழல் அனுமதி ஒருமுறைக்கு மேல் வழங்கப்பட்டது, நீதிமன்றம் போய் ரத்தானது, மறுபடி வந்தது. வாழச்சால் ஊரின் மூப்பத்தியான, அதாவது தலைவியான, வி.கே. கீதா, தம் மக்களின் பெயரால் வழக்காடினார். ஆற்றுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட லதா அனந்தா, அணை வந்தால் கீழே எந்தக் கிணறு வற்றும், எந்த வயல் காயும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2017-ல் அவர் மறைந்தார். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழு, 2011-ல் அளித்த அறிக்கையில் இந்தத் திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று எழுதியது. அணை எழவில்லை.

இதற்கிடையே இங்கே இன்னொரு நல்ல காரியமும் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்தவர்களிடமே கூடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எந்த மரத்தில் எந்த மாதம் வாசல் அடைபடும், எப்போது ஆண் பறவை கனியோடு வரும் என்பதை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆய்வாளர்களும் வனத்துறையும் அவர்களோடு சேர்ந்து, ஆண்டுதோறும் கூட்டு மரங்களைக் குறித்துவைத்துக் காத்துவருகிறார்கள். கூடு வைத்த மரங்களை அடையாளம் காட்டியதும், குஞ்சு பறக்கும்வரை காவல் இருந்ததும் காடர்கள். வாழச்சாலின் இருவாச்சிகள் இன்று நாடறிந்தவை என்றால் அதில் அவர்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் பெரும்பங்கு உண்டு.

அந்த உழைப்பு நன்றியறிதலோடு நின்றுவிடாமல் சட்ட உரிமையாகவும் மாறியது. 2014-ல் வாழச்சால் வனக்கோட்டத்தின் ஒன்பது பழங்குடி ஊர்களுக்கு, சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வன வள உரிமை வழங்கப்பட்டது. வீடு கட்டும் மனை அல்ல அது. தேன், குங்கிலியம், மீன், கிழங்கு ஆகியவற்றை எடுக்கவும், எதை எவ்வளவு எடுக்கலாம் என்று தாங்களே விதி வகுக்கவும், காட்டைக் காக்கவும் கிராம சபைகளுக்குச் சட்டம் தரும் அதிகாரம். இனி அந்தப் பரப்பில் எந்தத் திட்டம் வந்தாலும் கிராம சபையின் ஒப்புதலைக் கேட்டாகவேண்டும். அதிரப்பிள்ளி அணைக்கு எதிராக நின்ற மக்களின் கையில் இப்படியொரு ஆவணம் இருப்பது சாதாரண விஷயம் அல்ல.

வாழச்சாலைத் தாண்டினால் அதிரப்பிள்ளி அருவி. கார்களும் பேருந்துகளும் வரிசையாக நிற்கின்றன, கூட்டம் நுழைவுச் சீட்டு வாங்குகிறது. சினிமாக்களில் பார்த்த அருவியைப் பார்க்க வந்தவர்களுக்கு, மேலே இன்னொரு அணை எழாமல் போனதால்தான் இந்த அருவி இவ்வளவு தண்ணீரோடு விழுகிறது என்பதை யாராவது சொல்லவேண்டும். நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தாலே போதும்.

இந்தச் சாலையை முழுவதும் கடந்துவருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் ஆறும் பறவையும் மரமும் சேர்ந்த காட்டின் மீது ஒன்பது ஊர்களுக்கு உரிமை. மறுபக்கம் நிலச்சரிவில் வீடிழந்தவர்கள் குடிசை போடும் இடத்துக்காகவே இரண்டு ஆண்டு போராடினார்கள். தமிழகப் பக்கத்துக் காடர்களையும் மிகவும் பாதிப்புக்குள்ளாகும் குழுக்களின் பட்டியலில் சேர்க்கவேண்டும். தனித்தனி வீட்டுமனைப் பட்டாவோடு நிறுத்தாமல், அவர்கள் தேன் எடுக்கும் பாறைகளுக்கும் மீன் பிடிக்கும் மடுக்களுக்கும் கிழங்கு தோண்டும் சரிவுகளுக்கும் சமூக உரிமையை முழுமையாக அங்கீகரிக்கவேண்டும். வால்பாறையில் மழைக்காட்டை மீட்கும் பணியில் அவர்களின் அறிவும் முடிவெடுக்கும் இடமும் சேரவேண்டும். வழி சட்டத்திலேயே இருக்கிறது: ஊரின் கிராம சபை தீர்மானம், அதன்மேல் உட்கோட்டக் குழு, அதற்கும் மேல் கோவையில் மாவட்டக் குழு. எப்படி வரைபடம் போடுவது, எந்த எல்லையைக் குறிப்பது, எந்தச் சான்றை இணைப்பது என்பதற்கு 2014-ம் ஆண்டின் வாழச்சால் ஆவணம் முன்மாதிரியாக இருக்கிறது. அதைத் தயாரித்தவர்கள் கல்லார்குடிக்காரர்களின் சொந்தக்காரர்கள், மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.